நான்காவது மூலைக்கு நாலு போல்ட்

கல்யாணக் கட்டில் மூன்று மூலைகளில் மகாராஜா மாதிரி நின்றது. நான்காவது மூலையில் அதன் பாரத்தை ஷுக்ரி தாங்கிக்கொண்டிருந்தான். கால்மாட்டின் இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கச் சட்டத்தை முதுகில் ஏற்றி வைத்திருந்தான்.

"டேய், நான் பாலிஷ் போடறவன்டா. கட்டில் கால் இல்லை."

"ஒரே ஒரு நிமிஷம் தாங்குடா, என் ராசா."

"இதையே ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்த உடனேயும் சொன்னே."

அவனுக்குப் பக்கத்தில் தரையில் மாப்பிள்ளை நாதிர் மல்லாந்து கிடந்தான். வாயில் ஒரு போல்ட், காதில் ஒரு பென்சில், கையில் டார்ச். கட்டில் காலின் உள்பக்கம் பதித்திருந்த பித்தளை நட்டுக்குள் இன்னொரு போல்ட்டை வைத்து விரலால் திருகினான். முதல் சுற்று வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. இரண்டாவது சுற்றும் இறங்கியது. மூன்றாவதில் கப்பென்று சிக்கிக்கொண்டது. அடுத்த நட்டிலும் அதே கதை. அந்த மூலையின் நாலு நட்டுகளும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல் இரண்டு சுற்று வரை ஆசை காட்டிவிட்டு மூன்றாவதில் கதவைச் சாத்தின.

வெள்ளிக்கிழமை பிற்பகல். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெண்வீட்டார் லாரிகளில் சீர்வரிசை ஏற்றிக்கொண்டு, மேளமும் குழலும் முழங்க தும்யாத் நகரைச் சுற்றி வருவார்கள். பிறகு பெண்கள் குலவையிட்டபடி நாலு மாடி ஏறி வந்து, இந்தக் கட்டிலில் மெத்தை போட்டு, சாட்டின் விரிப்பு விரித்து, தலையணைகளுக்குப் பூக்கட்டு வைப்பார்கள். கட்டில் நிற்காவிட்டால் விரிப்பு விரிக்க மாட்டார்கள். மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். ஊரில் பாதிப் பேர் தச்சர்கள், மீதிப் பேர் தச்சர்களுக்கு ஏதாவது விற்பவர்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தச்சனின் சொந்தக் கல்யாணக் கட்டிலே நிற்கவில்லை என்றால் அவன் பேரன் காலம் வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

"பெரிய ஸ்பேனரைப் போட்டு ஒரு இறுக்கு இறுக்கேன். போயிடும்" என்றான் ஷுக்ரி.

"போகும். அப்புறம் திரும்பி வராது. பித்தளை மரையைச் சீவிக்கிட்டுப் போய் உள்ளேயே உக்காந்துக்கும்."

"நட்டைப் பிடுங்கிட்டு வேற வை."

"பசை போட்டுப் பதிச்சிருக்கேன். பிடுங்கினா கால் பிளந்துரும். மேலே தங்க ரேக்கு வேற."

நாதிர் டார்ச்சை நட்டின் வாயருகே கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மற்ற மூன்று மூலை நட்டுகளின் மரை, அதாவது உள்ளே சுற்றி ஓடும் வரி, நெருக்கமாக இருந்தது. இதில் கொஞ்சம் அகலம். இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இந்த வித்தியாசம் தெரியாதவனைத் தும்யாத்தில் யாரும் பட்டறைக்குள் விட மாட்டார்கள். அவனிடம் இருக்கும் போல்ட்டுகள் எல்லாம் எட்டு மில்லி. இந்த நாலு நட்டுகளும் இஞ்சுக் கணக்கு; இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், இவை இரண்டரை நூல். பருமனில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே குழம்பும். மரை மட்டும் வேறு. அதனால்தான் இரண்டு சுற்று உறவு கொண்டாடிவிட்டு மூன்றாவதில் சண்டை போடும்.

"ரெண்டரை நூல்" என்றான் நாதிர், ஏதோ இழவுச் செய்தி சொல்வதுபோல.

"பட்டறையில மாட்டிப் பாக்கலையா?"

"எங்க பட்டறை வழக்கம் உனக்குத் தெரியாதா? கல்யாணக் கட்டிலை ஜோடி வாழப்போற வீட்டுலதான் முதல் முதலா இறுக்கணும். பட்டறையில விரலால ரெண்டு சுத்து. அதுக்கு மேல தொடக்கூடாது."

"ரெண்டு சுத்துக்கு எல்லாமே போகுமேடா, மடையா!"

நாதிருக்கு அழுகை வர வேண்டிய நேரம். சிரிப்பு வந்தது. ஒரு மாதமாகவே அவனுக்கு இந்த வியாதி. கல்யாண ஒப்பந்தம் எழுதின நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் பல் தெரிந்துவிடுகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு சாவுக்குப் போய் சிரித்த முகத்தோடு நின்று, பெரியவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆனால் இது சிரித்துத் தள்ளக்கூடிய விஷயமில்லை. இந்த நட்டுகள் எந்தக் கடையில் வாங்கியவை என்பது அவனுக்குத் தெரியும். எதற்காக வாங்கினான் என்பது ஊருக்கே தெரியக்கூடாத விஷயம்.

கதை இதுதான். ஹாஜி மித்வல்லியின் போல்ட் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் அவர் மகள் நஷ்வா உட்கார்ந்திருப்பாள். போன வருஷம் நாதிர் ஒரு பூட்டு வாங்கப் போனான். மறுநாள் கீல் வாங்கப் போனான். அதற்கு மறுநாளும் கீல். அவன் பட்டறையில் இன்றைக்கும் கதவே இல்லாத கீல்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. பெண் கேட்பதற்கு முன்பே செய்யத் தொடங்கிவிட்ட கட்டிலுக்குப் பித்தளை நட்டு வேண்டும் என்று வந்தபோது புத்தி உள்ளவன் ஒரே தடவையில் பதினாறு வாங்கியிருப்பான். நாதிர் நாலு நாலாக வாங்கினான்.

"ஒரு கட்டிலுக்கு நாலு மூலை இருக்குன்னு இன்னுமா உனக்குத் தெரியலை, உஸ்தா நாதிர்?" என்று நஷ்வா கேட்டாள்.

"ஒவ்வொரு மூலையாத்தான் யோசிக்கிறேன்."

"போல்ட்டையாவது யோசிச்சு வாங்கு. உப்புக்காத்து ஊரு இது. பித்தளை நட்டுக்குள்ள துத்தநாகம் பூசின போல்ட்டைப் போட்டா பூச்சை அரிச்சுத் தின்னுடும். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வாழத் தெரிஞ்ச உலோகமாப் பாத்து எடுக்கணும்."

"எது எது சேர்ந்து வாழும்?"

"பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும். வேற எதைக் கேக்கறே?"

அவன் வேறு எதைக் கேட்டான் என்பது கடையில் இருந்த தராசுக்குக்கூடத் தெரியும். ஆனால் ஹாஜி மித்வல்லிக்குத் தெரியக்கூடாது. 'கடைக்குள்ள வந்து என் பொண்ணைப் பாக்கறவன் சரக்கோட சேத்து அடியும் வாங்கிட்டுப் போவான்' என்று சந்தையில் பகிரங்கமாகச் சொல்லியிருந்தவர் அவர். ஒரு பிளைவுட் வியாபாரியின் மகன் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பெண் கேட்டான் என்பதற்காகவே விரட்டப்பட்டான். வாடிக்கையாளர்களிடம் வியாபாரம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை என்று நஷ்வா அப்பாவிடம் சத்தியம் செய்திருந்தாள். அப்புறம் அல்லாவின் கருணையால், நாதிரின் ஜீனத் அத்தை ஒருநாள் தானாகவே கிளம்பிப் போய் நஷ்வாவைப் பெண் கேட்டாள். ஹாஜியும் சம்மதித்தார். மணமக்கள் இருவரும் வரவேற்பறையில் முதல் தடவை பார்ப்பதுபோல் வெட்கப்பட்டுக் காட்டினார்கள். நாதிரின் நடிப்பு கொஞ்சம் அதிகமாகவே போய், சர்பத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

இப்போது அந்த நடிப்பெல்லாம் கட்டிலின் நான்காவது மூலையில் வந்து மாட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. இரண்டரை நூல் போல்ட் கிடைக்கக்கூடிய ஒரே இடம் மாமனாரின் கடை. அவரிடம் போய்க் கேட்டால் 'எதுக்கு, நாலு மட்டும் எப்படி இஞ்சாச்சு, எப்போ எங்கே வாங்கினே' என்று நூல் பிடித்துக்கொண்டே போவார். நஷ்வாவின் சத்தியம் சந்தி சிரிக்கும்.

நாதிர் படுத்தபடியே நஷ்வாவை ஃபோனில் அழைத்தான். பின்னணியில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? கட்டில் விழுந்துடுச்சா?"

"விழலை. ஷுக்ரி தாங்கறான்."

"தாங்கறேன்!" என்று ஷுக்ரி கத்தினான். "என் முதுகுக்கும் ஒரு மாலை வாங்கி வைம்மா!"

நாதிர் விஷயத்தைச் சொன்னான். 

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எட்டு மில்லின்னா எட்டு மில்லிதான் குடுப்பேன். என் கையால மூணு தடவைதான் குடுத்தேன். நாலாவது தடவை யார்கிட்ட வாங்கினே?"

நாதிருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. புதுச் சட்டை, தலையில் எண்ணெய், பையில் அவளுக்காக வாங்கிய ஒரு பொட்டலம் முஷப்பக் இனிப்பு. கடைக்குள் நுழைந்தால் அவள் நாற்காலியில் ஹாஜி மித்வல்லி. அவனுக்கு உலகமே இருண்டுபோனது. கேட்டதை வாங்கிக்கொண்டு, நட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வெளியே வந்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஜீராவில் ஊறிய அத்தனை முஷப்பக்கையும் தனியாகவே தின்று தீர்த்தான்.

"உனக்குப் பல்வலின்னு வராத அன்னைக்கு..."

"ஐயோ, பாபாவா!"

"வயசாயிடுச்சு இல்லையா, மாத்தி எடுத்திருப்பார்."

"எங்க பாபாவா? இருட்டுல தடவிப் பாத்தே மரை சொல்லுவார். அவராவது மாத்தி எடுக்கறதாவது!" அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வெடித்தது. அவனுக்கும் தொற்றிக்கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்ட ஷுக்ரிதான் சிரிக்கவும் முடியாமல், அசையவும் முடியாமல் தவித்தான். சட்டம் நழுவினால் அவன் கால் போகும்.

"சிரிக்காதே நஷ்வா, வழி சொல்லு."

"நீதான் சிரிக்கறே. இரு. கடைச் சாவி உம்மா தலையணைக்கு அடியில இருக்கு. நான் பின்பக்கமாப் போய் நாலு போல்ட்டை எடுத்து, சீர்ச் சாமானுக்குள்ள இருக்கிற நீல டீக்கெண்டியில போட்டுடறேன். லாரி எப்படியும் அங்கேதானே வருது! நீ முதல் ஆளா ஓடிப்போய்க் கெண்டியைத் தூக்கிக்கோ."

"ஷுக்ரியை அனுப்பட்டுமா? கையோட வாங்கிட்டு வந்துருவான்."

"கடை வாசல்ல மொத்தத் தெருவும் நின்னு ஆடுது. அத்தனை பேர் முன்னாடி நான் அவன் கையில பொட்டலம் குடுக்கறதா? அதோட அவன் எழுந்தா கட்டிலை யாரு தாங்குவா?"

கெட்டிக்காரி. பெருமையில் நாதிருக்கு மார்பு விம்மியது.

வெளியே கொஞ்ச நேரத்தில் ஹாரன்கள் கேட்டன. முதலில் ஆற்றுப் பாலத்தின் பக்கம், அப்புறம் மீன் சந்தைப் பக்கம், அப்புறம் மறுபடி பாலம். வருகிறவர்கள் ஒரு தெரு விடாமல் காட்டிவிட்டுத்தான் வருவது என்று தீர்மானித்திருந்தார்கள். நாதிர் பால்கனிக்கும் கட்டிலுக்கும் இடையே ஓடினான். கடைசியில் ஊர்வலம் தெருமுனையில் திரும்பியதும் செருப்புகூடப் போடாமல் படிகளில் தாவினான்.

முதல் லாரியில் குளிர்சாதனப் பெட்டி, அதன் மேல் மெத்தை, மெத்தை மேல் இரண்டு மைத்துனர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது லாரியில் சமையலறைச் சாமான்கள், கண்ணாடித் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி. நாதிர் அதில் பாய்ந்து ஏறினான்.

"மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பாருங்கடி!" என்று ஒருத்தி கீழிருந்து கூவினாள். "மெத்தை அந்த லாரியில இருக்கு மகனே!"

தெருவே கொல்லென்று சிரித்தது. நாதிர் காது சிவக்கச் சாமான்களுக்குள் தலையை விட்டான். நீல டீக்கெண்டி இருந்தது. பக்கத்தில் இன்னொரு நீல டீக்கெண்டியும் இருந்தது. பின்னால் மூன்றாவது. பெண்ணின் மூன்று சித்திகளும் ஒருத்திக்கொருத்தி சொல்லாமல் ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள். முதல் கெண்டியைக் குலுக்கினான், சத்தமில்லை. இரண்டாவது, அதுவும் இல்லை. மூன்றாவதன் மூடியைத் திறந்து கையை விட்டான். காலி. உள்ளே ஒரு துளி எண்ணெய் மட்டும் விரலில் பிசுபிசுத்தது, புதுப் போல்ட்டுகளில் தடவியிருக்குமே, அந்த எண்ணெய்.

"என்ன மாப்ள, டீ கேக்குதா?"

ஹாஜி மித்வல்லி லாரிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். வெள்ளை அங்கி, கையில் தடி. கெண்டிக்குள் கையை விட்ட நிலையில் நாதிர் உறைந்துபோனான். ஹாஜி அங்கியின் பையைத் தட்டினார். உள்ளே எஃகு கிணுகிணுத்தது.

"இந்த லாரியிலதான் வந்தேன், வழி பூரா என் காதுக்குள்ள ஒரே கிணுகிணு. டீக்கெண்டிக்குள்ள போல்ட் எதுக்குன்னு யோசிச்சேன். எடுத்துப் பாத்தா ரெண்டரை நூல். எதுக்கு மாப்ள, ரெண்டரை நூல்?"

"அது... மாமா... கட்டில்ல..."

"ஏறு மாடிக்கு."

நாலு மாடியும் ஹாஜி முன்னால் ஏறினார். பின்னால் நாதிர், கையில் கெண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறினான். ஒவ்வொரு படியிலும் ஒரு பொய் தயாரித்தான், அடுத்த படியில் அது உடைந்தது. தன் மூக்கு உடைவது போகட்டும். நஷ்வா இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பாள் என்று நினைத்தபோதுதான் அவன் சிரிப்பு முதல் முறையாக நின்றது.

அறைக்குள் ஷுக்ரி சலாம் சொல்ல முயன்று முனகினான். ஹாஜி தடியைச் சுவரில் சாய்த்து, அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த வயதில், அந்தத் தொப்பையோடு, கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். நாதிரும் நுழைந்தான். ஹாஜி டார்ச் எதுவும் கேட்கவில்லை. சுண்டுவிரல் நகத்தை நட்டுக்குள் விட்டுத் தடவினார். 

"இது நான் குடுத்தது" என்றார்.

"மாமா, தப்பு என் மேலதான். நஷ்வா ஒண்ணுமே—"

"நீ எட்டு மில்லி கேட்டே. நான் வேணும்னேதான் ரெண்டரை நூலைக் குடுத்தேன்."

நாதிர் வாயைத் திறந்தான். கையிலிருந்த கெண்டி தரையில் உருண்டது.

"கீல் கீலா வாங்கிட்டுப் போற பையன் யாருடான்னு எனக்கு ஒரு சந்தேகம். பொண்ணுக்கு ஒருநாள் பல்வலி, நான் உக்காந்தேன். தச்சனா, திருடனான்னு பாத்துடலாம்னு மாத்திக் குடுத்தேன். தச்சனா இருந்தா சாயங்காலத்துக்குள்ள வந்து அதை என் மூஞ்சியில விட்டெறிவான். நீ வரலை. மறுநாள் அவ வந்து உக்காந்ததும் பல்லைக் காட்டிக்கிட்டு வந்தே. வந்து என்ன கேட்டே?"

"கீல்" என்றான் நாதிர்.

"கீல்! அப்பவே தெரிஞ்சு போச்சு, இவன் சரக்கைக் கண்ணால பாக்கறதே இல்லை, என் பொண்ணு மேல உசிரா இருக்கான்னு." அவர் தொப்பை குலுங்கியது. அதோடு கட்டிலும் குலுங்கியது. "அன்னைக்கே உங்க ஜீனத் அத்தைக்குச் சொல்லி அனுப்பினேன், 'வந்து பொண்ணு கேளு, ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு. எல்லாம் சரி. அந்த நட்டை நீ தூக்கிப் போட்டிருப்பேன்னுல்ல நினைச்சேன்! என் பொண்ணு தூங்கற கட்டில்லயேவாடா பதிச்சு வச்சிருக்கே, கிறுக்குப் பயலே!"

 நாதிர் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். கையில் எண்ணெய் நாறியது.

"போதும், போதும். ஸ்பேனரை எடு. பொம்பளைங்க வந்துட்டாங்க."

வந்தேவிட்டார்கள். குலவைச் சத்தம் வாசலில் வெடித்தது. வெங்காயம் அடைத்த வாத்துத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடி மாமியார், மெத்தையோடு மைத்துனர்கள், எல்லோருக்கும் முன்னால் ஜீனத் அத்தை. அடியில் இருந்தவர்களுக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. ஹாஜி ஒவ்வொரு போல்ட்டாகக் கொடுக்க, நாதிர் திருகினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போனது. அதன் பிறகு அடி வரைக்கும். முதல் இரண்டு போல்ட் ஏறியதுமே ஷுக்ரி நெளிந்து வெளியே வந்து, சுவரோரமாகக் கையைக் காலை நீட்டிச் சரிந்தான். மெத்தை மேலே தொப்பென்று விழுந்தது. அதன் மேல் ஜீனத் அத்தை, சரியாக அந்த நான்காவது மூலையில், தொப்பென்று உட்கார்ந்தாள். கட்டில் அசையவில்லை.

"இந்த ஜோடியை நான்தான் கண்டுபிடிச்சேன்!" என்று அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கினாள். "ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்ததுகூட இல்லை! எனக்குக் கனவுல வந்துச்சு!"

கட்டிலுக்கு அடியில் ஹாஜி அங்கியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து நாதிரின் ஃபோன் தரையில் அதிர்ந்தது. திரையில் நஷ்வா. அவன் கை நீட்டுவதற்குள் ஹாஜி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"கெண்டி கிடைச்சுதா?" அவள் மூச்சிரைக்கப் பேசியது நாதிருக்கும் கேட்டது. "கட்டில் நின்னுடுச்சா? பாபாவுக்கு ஏதாவது தெரிஞ்சு போச்சா?"

ஹாஜி மித்வல்லி கடைசி போல்ட்டை நாதிரின் கையில் வைத்தார்.

"கட்டில் நின்னுடுச்சும்மா" என்றார், தன் சொந்தக் குரலிலேயே. "பாபாவுக்கு ஒண்ணுமே தெரியாது."